டூலோஸ் பிழைத்தது, ரஜூலா மறைந்தது ஏன்?



டைட்டானிக் என்ற பெயரைக் கேளாத பிள்ளைகள் நம் சிங்கப்பூரில் இல்லை. 1912ஆம் ஆண்டு தன் முதற் பயணத்திலேயே மூழ்கிய அக்கப்பலைப் பற்றித் தொடக்கநிலை மாணவர்கள் கூடப் புகைபோக்கி எத்தனை, உயிர்காக்கும் படகுகள் எத்தனை என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் டைட்டானிக்கைவிட இரண்டே வயது இளைய ஒரு கப்பல் நம் கைக்கு எட்டும் தூரத்தில் நிலத்தின்மேல் நின்றுகொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தானா மேரா படகு முனையத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிந்தான் தீவை அடையலாம். அங்கேதான் டூலோஸ் என்ற அந்தக் கப்பல் இருக்கிறது.

அதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. நம்முடைய தாத்தா பாட்டிகளையும் பெற்றோர்களையும் ஆயிரக்கணக்கில் இந்த மண்ணுக்கு ஏற்றிவந்த கப்பலின் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதன் பெயர் ரஜூலா. அக்கப்பல் இன்று எங்கும் இல்லை.

ஒரு கப்பல் பிழைத்தது, மற்றொன்று மறைந்தது. இதற்குக் காரணம் என்ன? இவ்விரண்டு கப்பல்களின் கதையிலிருந்து ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

கப்பல் எப்படி அழிகிறது?

கப்பல் அழிவதற்குப் புயலோ பனிப்பாறையோ தேவையில்லை. சும்மா நின்றாலே போதும்.

இரும்பும் எஃகும் நீரோடும் காற்றோடும் சேரும்போது துருப்பிடிக்கின்றன. கடல்நீரின் உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியைவிட, அலை வந்து நனைத்துப் பின் காயும் பகுதியே அதிகம் அரிக்கப்படுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமனில் பெரியது. ஆகையால் இரண்டு தகடுகளின் இடுக்கில் துரு சேர்ந்தால், அது உள்ளிருந்து தள்ளித் தகடுகளைப் பிரித்துவிடும். பழங்காலக் கப்பல்களில் தகடுகள் தறையாணிகளால் இணைக்கப்பட்டவை. ஆணி நெகிழ்ந்தால் நீர் கசியும்.

இதனால்தான் கப்பல்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் உலர் துறைக்குக் கொண்டுசென்று, அடிப்பகுதியைச் சுரண்டி, தகடுகளின் தடிமனை அளந்து, மெலிந்தவற்றை மாற்றி, வண்ணம் பூசுகிறார்கள். இதற்கு ஓய்வே கிடையாது. ஓடும் கப்பல் அச்செலவைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது. ஓட்டம் நின்றுவிட்ட கப்பலுக்கு வருமானம் நிற்கிறது. துரு மட்டும் நிற்பதில்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பழங்கப்பலுக்கு இப்பழமொழி முழுதும் பொருந்தும். ஓடாத கப்பலை வைத்துப் பராமரிப்பதைவிட உடைத்து எஃகாக விற்பது எந்த உரிமையாளருக்கும் எளிது. உலகின் பழங்கப்பல்களில் பெரும்பாலானவை இவ்வாறே உடைப்புத் துறைகளில் முடிந்துபோயின.

ஐந்து பெயர்கள் கொண்ட கப்பல்

டூலோஸ், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் 1914ஆம் ஆண்டு உருவானது. அப்போது அதன் பெயர் மெடினா, சரக்குக் கப்பல். நீளம் ஏறக்குறைய 130 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல், அது கைமாறிப் பயணிகள் கப்பலாக மாற்றப்பட்டு ரோமா என்று பெயர் பெற்றது. 1952இல் இத்தாலியின் கோஸ்டா நிறுவனம் அதனை வாங்கி ஃபிராங்கா சி என்று பெயரிட்டது. நீராவி இயந்திரம் போய் டீசல் இயந்திரம் வந்தது. 1977இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் அதனை வாங்கி, டூலோஸ் என்று பெயர் மாற்றி, மிதக்கும் புத்தகக் கடையாக்கியது. டூலோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊழியன் என்று பொருள்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாக அக்கப்பல் நூறுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. சிங்கப்பூர்த் துறைமுகத்திற்கும் பலமுறை வந்திருக்கிறது. உலகில் அன்று ஓடிக்கொண்டிருந்த பெருங்கடல் பயணிகள் கப்பல்களுள் மிக மூத்தது என்று கின்னஸ் சாதனை நூலிலும் இடம்பெற்றது.

2009ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் அதன் ஓட்டம் முடிவுக்கு வந்தது. பரிசோதித்தபோது, தொடர்ந்து ஓடுவதற்கு வேண்டிய பழுதுபார்ப்பு அந்நிறுவனத்தால் தாங்க இயலாத செலவு என்று தெரிந்தது. தொண்ணூற்றைந்து வயதான கப்பல். அடுத்து உடைப்புத் துறைதான் என்று பலரும் எண்ணியிருப்பார்கள்.

அப்போது 2010இல் சிங்கப்பூர்த் தொழிலதிபர் திரு எரிக் சோ அதனை வாங்கினார். ஒளி என்று பொருள்படும் ஃபோஸ் என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்து டூலோஸ் ஃபோஸ் என்று பெயரிட்டார். இது அக்கப்பலின் ஐந்தாவது பெயர். பின்னர் நடந்தவை ஒரே நாளில் நடந்தவையல்ல. கப்பல் பாத்தாமின் பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பிந்தானில் நங்கூர வடிவில் கடலோரத்தில் நிலம் உருவாக்கப்பட்டது. 2015இல் கப்பல் அந்நிலத்தின்மேல் மெல்ல மெல்ல இழுத்து ஏற்றப்பட்டது. 2019இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. வாங்கியது முதல் திறந்தது வரை ஒன்பது ஆண்டுகள்.

கரையேறிய கப்பல் கப்பலாகுமா, அறைகளை எல்லாம் மாற்றியபின் அது பழைய கப்பல்தானா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் 1914இல் அடித்த தறையாணிகளைத் தன் விரலால் தொட்டுப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு, படத்தில் பார்ப்பதைவிட அதிகம் கிடைக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அன்பு மட்டும் போதாது

டூலோஸ் பிறந்த அதே நியூபோர்ட் நியூஸ் தளத்தில் பிறந்த இன்னொரு கப்பலின் கதையையும் சொல்ல வேண்டும். அதன் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ். 1952இல் தன் முதற் பயணத்திலேயே அட்லாண்டிக் பெருங்கடலை மூன்று நாள், பத்து மணி, நாற்பது நிமிடத்தில் கடந்து வேகச் சாதனை படைத்தது. நீளம் 300 மீட்டருக்கும் அதிகம். அதாவது டூலோஸைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

விமானப் பயணம் பெருகியதால் 1969இல் அதன் சேவை நிறுத்தப்பட்டது. 1984இல் உள்ளிருந்த அறைகலன்கள் ஏலம் போயின. 1996 முதல் பிலடெல்பியா துறையில் வண்ணம் உரிந்து நின்றது. 2011இல் அதனைக் காக்க விரும்பியவர்கள் அமைத்த ஓர் அமைப்பே அதை விலைக்கு வாங்கியது. அருங்காட்சியகம், விடுதி, மீண்டும் உல்லாசக் கப்பல் என்று திட்டங்கள் பல வந்தன. ஒன்றும் நிறைவேறவில்லை. கப்பல் நின்ற துறையின் வாடகை பற்றிய வழக்கில் 2024இல் வெளியேறும்படி தீர்ப்பாயிற்று. புளோரிடாவின் ஒக்கலூசா மாவட்டம், கடலுக்கடியில் மீன்கள் வாழும் செயற்கைத் திட்டாக மூழ்கடிப்பதற்கென்று அதனை வாங்கியது. 2025 பிப்ரவரியில் அது பிலடெல்பியாவை விட்டு இழுத்துச் செல்லப்பட்டது.

அக்கப்பலின்மேல் அன்பு கொண்டவர்களுக்குக் குறைவில்லை. புகழுக்கும் குறைவில்லை. அது செய்வதற்கு ஒரு வேலைதான் கிடைக்கவில்லை. டூலோஸுக்குச் சரக்கு, பயணி, புத்தகம், விடுதி என்று ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கிடைத்தது. ஆதலால் வாழ்ந்தது. 1967 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நின்று, பின்னர் விடுதியான குவீன் மேரி கப்பலுக்கும் இதே விதிதான். அதிலும் செலவு முடிந்தபாடில்லை. 2020இல் மூடப்பட்டு, அவசரப் பழுதுபார்ப்புகளுக்குப் பின்னரே மீண்டும் திறக்கப்பட்டது. புனரமைப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. நாள்தோறும் வீடு பெருக்குவதைப் போன்றது.

நம்மை ஏற்றிவந்த கப்பல்

இனி ரஜூலாவுக்கு வருவோம்.

ரஜூலா 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் நிறுவனத்தாரால் கட்டப்பட்டது. மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 8,500 டன். நீளம் ஏறக்குறைய 145 மீட்டர். உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே எதிர்த்துப் போட்டியிட்டது இதே நிறுவனத்தைத்தான். வ.உ.சி.யின் கப்பல் நிறுவனம் சில ஆண்டுகளில் ஒடுக்கப்பட்டது. அதன்பின் தமிழர்கள் கடல் கடக்க வேண்டுமென்றால், அவர் எதிர்த்துப் போராடிய நிறுவனத்தின் கப்பலிலேயே பெரும்பாலும் ஏற வேண்டியிருந்தது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது ரஜூலாவின் வழித்தடம். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணுக ஆழமில்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று ஏற வேண்டும். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அக்கப்பலுக்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறையோ கட்டிலோ இல்லாதவர். தளத்தில் பாய் விரித்த இடமே அவருக்கு வீடு. போருக்குப் பின் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளர்கள், வணிகர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், கணவரிடம் வந்து சேர்ந்த மனைவியர், பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் அதில் வந்தார்கள். அன்றைய இந்திய அரசாங்கம் 1938இல் மலாயாவுக்கு உதவிச் செலவில் தொழிலாளர்கள் வருவதைத் தடைசெய்தது. அதன் பிறகும் சொந்தச் செலவில் வருவோரும் ஊர் சென்று திரும்புவோரும் இருந்துகொண்டே இருந்தனர். இரண்டாம் உலகப் போரில் ரஜூலா படைவீரர்களை ஏற்றிச் சென்றது. போர் முடிந்ததும் பழைய தடத்துக்கே திரும்பியது.

என் தந்தையார் 1962இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, என் பாட்டியோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறியவர். அவருக்கு நினைவிருப்பவை பெரிய செய்திகள் அல்ல. படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பிடித்தபோது பாட்டி கண்களை மூடிக்கொண்டது, பக்கத்துப் பாயிலிருந்த அம்மாள் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தது, எண்ணெய் நெடியும் சோற்றின் ஆவியும் கலந்த ஒரு மணம் ஆகியவைதாம். பாட்டி கொண்டுவந்த தகரப் பெட்டி இன்றும் எங்கள் பொங்கோல் வீட்டில் இருக்கிறது. மூடியின் உட்புறம் துருவேறத் தொடங்கிவிட்டது.

ரஜூலாவுக்கு ரோனா என்ற ஓர் உடன்பிறப்புக் கப்பல் இருந்தது. 1943 நவம்பர் 26ஆம் நாள் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி மூழ்கியது. இறந்தவர்கள் ஆயிரத்து நூறுக்கும் மேல். அவர்களுள் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர்கள். பல்லாண்டு மறைக்கப்பட்ட அந்நிகழ்வுக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நினைவுக்கல் எழுப்பியுள்ளார்கள். மாண்டவர்களை நினைப்பது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் ஓர் உண்மையைக் கவனியுங்கள். உலகம் மூழ்கிய கப்பல்களை நினைவில் வைக்கிறது. நாற்பத்தேழு ஆண்டுகள் மூழ்காமல், தன் மக்களைக் கரைசேர்த்துக்கொண்டே இருந்த கப்பலை மறந்துவிடுகிறது. டைட்டானிக்கை அறிந்த பிள்ளைகள் ரஜூலாவை அறியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1973இல் ரஜூலாவின் சிங்கப்பூர்ப் பயணங்கள் முடிந்தன. அதே ஆண்டில் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி ரங்கத் என்று பெயரிட்டது. 1974இல் பம்பாயில் அது உடைக்கப்பட்டது. டூலோஸுக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க ஒருவர் இருந்தார். ரஜூலாவுக்கு ஓராண்டு கூடக் கிடைக்கவில்லை.

அதன் பின்வந்த சிதம்பரம் கப்பலின் கதியும் அவ்வாறே ஆயிற்று. பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் 1966இல் கட்டப்பட்டு, இந்தியக் கப்பல் கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அக்கப்பலும் உடைப்புத் துறைக்கே சென்றது. அத்துடன் சென்னை-சிங்கப்பூர்க் கப்பல் பயணக் காலமும் நிறைவுற்றது.

யாரைக் குறை சொல்வது?

ரஜூலாவைக் காப்பாற்றியிருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. 1973இல் சிங்கப்பூர் தனிநாடாகி எட்டே ஆண்டுகள். வேலை, வீடு, பள்ளிக்கூடம் என்று ஆயிரம் கவலைகள். பழங்கப்பலை அருங்காட்சியகம் ஆக்குவது யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

வேறொரு காரணமும் உண்டு. அதில் வந்தவர்களே அதனை நினைக்க விரும்பவில்லை. நெரிசலும் வாந்தியும் நோய்ப் பரிசோதனையும் வறுமையும் கலந்த பயணம் அது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லப் பலருக்கும் கூச்சம். மானம் கப்பலேறிவிட்டது என்று நம் வழக்கில் ஒரு சொல் உண்டல்லவா? அது தோல்வியைக் குறிக்கும் சொல். உண்மையில் கப்பலேறிய நம் முன்னோர் மானத்தோடு பிழைக்க வழிதேடித்தான் ஏறினார்கள். அக்கூச்சத்தை நீக்குவதும் நம் வகுப்பறைகளின் வேலையே.

இன்னும் புனரமைக்கக் கூடியவை

ரஜூலாவின் எஃகை இனி எவராலும் மீட்க முடியாது. ஆனால் அக்கப்பலின் பகுதிகள் சில இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. பயணச்சீட்டு, அம்மைத் தடுப்பூசிச் சான்றிதழ், பழைய கடப்பிதழ், தகரப் பெட்டி, அனைத்துக்கும் மேலாக நினைவு. இவற்றுக்கும் துருப்பிடிக்கும். 1973இல் பத்து வயதாக இருந்தவர்களே இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். 1950களில் இளைஞராக வந்தவர்கள் தொண்ணூறை நெருங்குகிறார்கள், அல்லது கடந்துவிட்டார்கள். கப்பலுக்குக் கிடைக்காத அவகாசம் இவற்றுக்கும் நெடுநாள் கிடைக்கப்போவதில்லை.

கப்பல் பிழைக்க ஒரு வேலை வேண்டும் என்று மேலே கண்டோம். நினைவுக்கும் அப்படியே. பெட்டிக்குள் பூட்டி வைத்த நினைவு அழியும். வகுப்பறையில் வேலை கொடுத்த நினைவு வாழும். அதற்குச் சில வழிகள்:

1. வாய்மொழிப் பயிற்சியின்போது பிள்ளைகள் வீட்டுப் பெரியவரிடம் ஐந்தே கேள்விகள் கேட்கட்டும். எந்தத் துறைமுகத்தில் ஏறினீர்கள்? கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? கப்பலில் என்ன உண்டீர்கள்? பக்கத்துப் பாயில் யார் இருந்தார்? இறங்கியதும் உங்களை அழைத்துச் சென்றவர் யார்? "கப்பல் பயணம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டமாக இருந்தது" என்ற ஒரே விடைதான் வரும். சிறிய கேள்விகளே பெரிய விடைகளைத் தரும்.

2. பதில்களைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லச் செய்யுங்கள். அவருடைய வட்டார வழக்கைத் திருத்த வேண்டாம். அதுவும் கப்பலில் வந்த பொருள்தான்.

3. பழைய சீட்டுகளையும் சான்றிதழ்களையும் நெகிழித் தாளில் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடு பலரும் செய்வது இது. பின்னர் தாளைப் பிரிக்க முடியாது. இருபுறமும் படமெடுத்து, உலர்ந்த உறையில் இட்டு வையுங்கள். நிழற்படங்களின் பின்புறம் எழுதியிருப்பதையும் படமெடுங்கள்.

4. குடும்பத்தில் இத்தகைய நினைவு இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அண்மையில் விமானத்தில் வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் தங்கள் பெற்றோரின் முதல் நாளைப் பற்றிக் கேட்கட்டும். வருகை என்பது எல்லோருக்கும் பொதுவான கதை.

5. லிட்டில் இந்தியாவில் கேம்பல் சந்திலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் கற்றல் பயணம் செல்லும்போது, பிள்ளைகள் தங்கள் ஐந்து விடைகளையும் கையில் எடுத்துச் செல்லட்டும். கண்ணாடிக்குள் இருக்கும் பொருளும் வீட்டில் கேட்ட கதையும் அப்போது ஒன்றையொன்று விளக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் சேகரிக்கப்பட்டுவரும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் மேல்நிலை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிந்தான் செல்லும் வாய்ப்பு இருந்தால், பிள்ளைகளுக்கு டூலோஸைக் காட்டுங்கள். வெளியே நின்று பார்த்தாலும் போதும். இத்தனை பெரிய இரும்பை ஒருவர் காக்க முடிந்தது என்று சொல்லுங்கள். பிறகு ரஜூலாவின் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. மீதிக் கதையை அவர் சொல்லிவிடுவார்.